வாசகர் கேள்வி – பதில்: வளர்ந்த பிள்ளைகளுக்குக் கிறிஸ்துமஸ் காலத்தில் எதை வாசித்துக் காட்டலாம்?

அரையாண்டுத் தேர்வு முடிந்து பிள்ளைகள் வீட்டில் இருக்கப்போகும் நாட்களை எண்ணித் தஞ்சாவூர், நாகப்பட்டினம், திருவாரூர், மயிலாடுதுறை மாவட்டங்களிலிருந்து வந்த கடிதங்களில் பெரும்பாலானவை, பத்து வயதைக் கடந்த பிள்ளைகளுக்குக் கிறிஸ்துமஸ் காலத்தில் வாசித்துக் காட்டத் தகுந்த நூல்கள் எவை என்றே கேட்கின்றன. அவற்றுள் சிலவற்றுக்கு இவ்விதழில் விடை அளிக்கிறேன்.

ஐயா, வணக்கம். என் மகளுக்குப் பதினொரு வயது, மகனுக்குப் பதினைந்து. சிறு வயதில் ஒவ்வொரு டிசம்பரிலும் குடிலுக்கு அருகில் உட்கார்ந்து இருவருக்கும் படக்கதைப் புத்தகம் வாசித்துக் காட்டுவேன். இப்போது மகன், “நானே படித்துக்கொள்வேன் அம்மா” என்கிறான்; படிப்பதும் இல்லை. ஆனால் தங்கைக்கு வாசிக்கும்போது கதவருகே நின்று கேட்கிறான். இருவருக்கும் பொருந்தும் புத்தகம் உண்டா?
– ஒரு வாசகி, திருக்காட்டுப்பள்ளி

அம்மா, உங்கள் மகன் கதவருகே நிற்பதிலேயே பாதி விடை இருக்கிறது. அம்மாவின் குரலில் கதை கேட்க அவனுக்கு இன்னமும் விருப்பம் உண்டு. தன்னை ஐந்து வயதுப் பிள்ளையாக எண்ணி எழுதப்பட்ட புத்தகத்தின் முன் உட்காரத்தான் அவனுக்குக் கூச்சமாக இருக்கிறது. ஆகையால் இந்த வயதினருக்கு நூல் தேரும்போது, கதையின் கரடுமுரடுகள் செதுக்கப்படாமல் இருக்கின்றனவா என்பதையே முதலில் பாருங்கள். சிறுவர் படப் புத்தகங்களில் வைக்கோல் மெத்தென்று இருக்கும், மாடுகள் புன்னகைக்கும், எவருக்கும் குளிராது. நற்செய்தி நூல்களோ, பேரரசன் அகுஸ்து கட்டளையிட்ட குடிமதிப்புக்காக நிறைமாதக் கர்ப்பிணி ஊர்விட்டு ஊர் போக நேர்ந்ததையும், தங்க இடம் கிடைக்காமற்போனதையும், ஏரோதின் ஆணையால் பெத்லகேமின் ஆண் குழந்தைகள் கொல்லப்பட்டதையும், கைக்குழந்தையோடு பெற்றோர் இரவோடிரவாக எகிப்துக்குத் தப்பிச் சென்றதையும் சொல்கின்றன. இவ்வளவையும் கேட்டுத் தாங்கும் வயது உங்கள் பிள்ளைகளுக்கு வந்துவிட்டது.

எனவே முதல் நாளுக்கு வேறு புத்தகம் தேட வேண்டாம். லூக்கா நற்செய்தியின் இரண்டாம் அதிகாரத்தை, 52 வசனங்களையும் விடாமல் வாசியுங்கள். பத்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும். கிறிஸ்துமஸ் இரவில் நாம் கோவிலில் கேட்கும் பகுதி இடையர்களோடும் வானதூதர்களோடும் நின்றுவிடுகிறது. அதற்குப் பின்னர்தான், முதியவர் சிமியோன் அந்த இளந்தாயிடம் அவள் உள்ளத்தை ஒரு வாள் ஊடுருவும் என்று சொல்வதும், பன்னிரண்டு வயது இயேசு சொல்லாமல் எருசலேமில் தங்கிவிட, பெற்றோர் தேடி அலைந்து மூன்று நாட்களுக்குப் பின் ஆலயத்தில் கண்டுபிடிப்பதும் வருகின்றன. பிறப்பில் தொடங்கும் அதிகாரம், வளரத் தொடங்கிவிட்ட ஒரு பிள்ளையோடும் பதறிப்போன பெற்றோரோடும் முடிவதை உங்கள் மகன் கவனிக்காமல் இருக்கமாட்டான். இடையர்கள் இரவில் கிடை காத்த காட்சிக்கு உங்கள் பக்கத்துப் பிள்ளைகளிடம் விளக்கமே தேவையில்லை. தை அறுவடை முடிந்த வயல்களில் இராமநாதபுரத்துக் கீதாரிகள் கிடை போட்டுக் காவல் இருப்பதை அவர்கள் பார்த்திருப்பார்கள்.

அடுத்து, மகளை மனத்தில் வைத்து ஒரு நூலைச் சொல்கிறேன், மகனும் கேட்பான். அமெரிக்க எழுத்தாளர் பார்பரா ராபின்சன் 1972இல் வெளியிட்ட ‘தி பெஸ்ட் கிறிஸ்துமஸ் பேஜன்ட் எவர்’ என்னும் சிறு நாவல் அது. ஊரே அஞ்சும் முரட்டுப் பிள்ளைகளான ஹெர்ட்மன் வீட்டு அறுவர், தின்பண்டம் கிடைக்கும் என்று கேள்விப்பட்டுத் தேவாலயத்துக்கு வந்து, கிறிஸ்து பிறப்பு நாடகத்தின் முக்கிய வேடங்களை எல்லாம் எடுத்துக்கொள்கிறார்கள். அந்தக் கதையை அவர்கள் அதுவரை கேட்டதே இல்லை. ஆகவே பிள்ளைத்தாய்ச்சிக்கு ஏன் யாரும் இடம் கொடுக்கவில்லை, ஏரோதை ஏன் யாரும் தண்டிக்கவில்லை என்று கோபத்தோடு கேட்கிறார்கள். ஆண்டுதோறும் கேட்டுப் பழகிய காதுகளுக்கு அக்கேள்விகள் புதிதாக ஒலிக்கின்றன. பங்குக் கோவில் நாடகத்தில் வேடம் கட்டிய அனுபவம் உங்கள் மகளுக்கு இருந்தால் வயிறு வலிக்கச் சிரிப்பாள். கடைசி அத்தியாயத்தில் சிரிப்பு தானாக அடங்கிவிடும்.

மூன்றாவதாக, ஆங்கில நாவலாசிரியர் டிக்கன்ஸ் 1843 டிசம்பரில் வெளியிட்ட ‘எ கிறிஸ்துமஸ் கேரல்’. பதினைந்து வயதுக்கு இதைவிடப் பொருத்தமான கிறிஸ்துமஸ் கதையை நான் அறியேன். ஆனால் பள்ளித் துணைப்பாட நூல்களில் வரும் சுருக்கத்தைத் தயவுசெய்து வாங்காதீர்கள். அதில் கதை இருக்கும், கதைசொல்லியின் குரல் இருக்காது, வாசித்துக் காட்டும்போது அந்தக் குரல்தான் எல்லாம். மூல நூல் ஐந்து பகுதிகளாக அமைந்திருப்பதால் ஐந்து இரவுகளுக்குப் பங்கிட்டுக்கொள்ளலாம். மூன்றாம் பகுதி மிக நீளமானது, ஐந்தாவது மிகச் சிறியது என்பதை மட்டும் முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். டிக்கன்ஸே 1853 டிசம்பரில் பர்மிங்காம் நகர மண்டபத்தில் இக்கதையைப் பொதுமக்கள் முன் வாசித்தார். அங்கு வாசித்த இரவுகளுள் ஒன்றைத் தொழிலாளர்களுக்காகக் குறைந்த கட்டணத்தில் ஒதுக்கினார். பிற்காலத்தில் அவர் தம் வாசிப்புப் பிரதியில் பத்தி பத்தியாக அடித்துச் சுருக்கிக்கொண்டே வந்தார். ஆகவே மூல நூலைக் கையில் வைத்துக்கொண்டு, பிள்ளைகளின் முகம் வாடும் இடத்தில் ஒரு பத்தியைத் தாண்டிச் செல்ல உங்களுக்கும் உரிமை உண்டு.

மகனைக் கூப்பிட்டு உட்காரச் சொல்ல வேண்டாம் என்பது என் எண்ணம். கதவருகே ஒரு நாற்காலியைப் போட்டு வையுங்கள்.

எங்கள் பள்ளியில் விடுமுறைக்கு முந்தைய நாள் எட்டு முதல் பத்தாம் வகுப்பு வரையுள்ள மாணவர்களை ஒன்றாக அமர்த்தி ஒரு பாடவேளை கதை வாசிக்க எண்ணியிருக்கிறோம். எல்லாச் சமயத்துப் பிள்ளைகளும் இருப்பார்கள். எதைத் தேர்ந்தெடுக்கலாம்?
– தமிழாசிரியர் ஒருவர், கும்பகோணம்

நாற்பது நிமிடத்துக்கு ஓ. ஹென்றியின் சிறுகதை ஒன்றே போதும். ‘ஞானியரின் பரிசு’ என்று பொருள்படும் தலைப்போடு 1905 டிசம்பரில் நியூயார்க் செய்தித்தாள் ஒன்றில் வெளிவந்த கதை அது. ஒரு டாலர் எண்பத்தேழு சென்ட் மட்டும் கையில் வைத்திருக்கும் இளம் மனைவி, கணவனுக்குக் கிறிஸ்துமஸ் பரிசு வாங்க என்ன செய்கிறாள் என்பதே கதை. நிதானமாக வாசித்தாலும் இருபது நிமிடத்தில் முடியும். எந்தச் சமயத்துப் பிள்ளையும் அதற்குள் நுழைய முன்னறிவு எதுவும் தேவையில்லை; குழந்தை இயேசுவைக் காணப் பரிசுகளோடு வந்த கீழ்த்திசை ஞானியர் யார் என்பதை மட்டும் இரண்டு வாக்கியங்களில் முதலிலேயே சொல்லிவிடுங்கள். முடிவைக் குறிப்பால்கூட உணர்த்திவிட வேண்டாம். கதை தெரிந்த மாணவர் யாரேனும் இருந்தால், வாய் திறவாமல் மற்றவர்களின் முகத்தைக் கவனிக்கும் பொறுப்பை அவரிடம் ஒப்படையுங்கள்.

ஆசிரியர் என்ற முறையில் உங்களிடம் ஒரு வேண்டுகோள். கதை முடிந்ததும், “இதிலிருந்து என்ன கற்றுக்கொண்டீர்கள்?” என்று கேட்டுவிடாதீர்கள். அந்தக் கேள்வி வந்த கணமே கதை பாடமாகிவிடுகிறது. கேட்டவர்கள் மதிப்பெண்ணுக்கு உரிய விடையைத் தேடத் தொடங்குகிறார்கள். எஞ்சிய இருபது நிமிடத்தைப் பிள்ளைகளின் பேச்சுக்கே விட்டுவிடுங்கள். கதையில் வரும் தம்பதி செய்தது அறிவுடைய செயலா, அசட்டுத்தனமா என்று பதினான்கு வயதுப் பிள்ளைகள் தாமே வாதிடுவார்கள், ஓ. ஹென்றியும் கடைசிப் பத்தியில் அந்த வாதத்தையே எடுத்துக்கொள்கிறார்.

பிள்ளைகளுக்குப் பதின்மூன்றும் பதினாறும் ஆகின்றன. என் மனைவி 2004 ஆழிப்பேரலையில் தம் குடும்பத்தில் இருவரை இழந்தவர். எங்கள் வீட்டில் 25ஆம் தேதி மகிழ்ச்சியாகவும் மறுநாள் துக்கமாகவும் கழியும். நல்ல கிறிஸ்துமஸ் கதைகள் என்று பலரும் சொல்பவை பெரும்பாலும் சோகமாகவே இருக்கின்றனவே, அவற்றைத் தவிர்த்துவிடலாமா?
– ஒரு தந்தை, நாகப்பட்டினம்

உங்கள் மனைவியிடம் முதலில் கேளுங்கள். அவர் வேண்டாம் என்றால் வேண்டாம். அந்த வீட்டில் அவருடைய சொல்லுக்கு மேல் எந்த நூலுக்கும் இடமில்லை. அவர் சம்மதித்தால், நீங்கள் தேர்ந்தெடுக்கும் கதையை இருவரும் முன்கூட்டியே தனியாக ஒருமுறை வாசித்துவிடுங்கள்.

உங்கள் மாவட்டத்தில் மட்டும் 6,000க்கும் மேற்பட்டோரை அந்த ஞாயிற்றுக்கிழமைக் காலை கடல் கொண்டுபோயிற்று. வேளாங்கண்ணிக்குக் கிறிஸ்துமஸ் காலத்தில் வந்திருந்த யாத்திரிகர்களும் அவர்களுள் அடங்குவர். உங்கள் பிள்ளைகள் அதற்குப் பின் பிறந்தவர்கள். வீட்டின் துக்கத்தைப் பார்த்து வளர்ந்தவர்கள், ஆனால் அதைப் பற்றிப் பேசத் தயங்குபவர்கள் என்றே கருதுகிறேன். துக்கத்தை அறவே மறைக்கும் கதை அவர்களுக்குப் பொய்யாகப் படும். அதே வேளையில், கண்ணீர் வரவழைப்பதற்காகவே ஒரு குழந்தையைச் சாகடிக்கும் கதைகளும் இப்பருவத்தில் நிறையப் புழங்குகின்றன. அவற்றை நான் எந்த வீட்டுக்கும் பரிந்துரைப்பதில்லை. ஆண்டர்சன் 1845இல் எழுதிய தீக்குச்சி விற்கும் சிறுமியின் கதை அந்த வகையைச் சேர்ந்தது அன்று, மிகுந்த அழகுடையது. ஆயினும் அதில் வரும் மரணம் ஒரு விடுதலையாகக் காட்டப்படுகிறது. இழப்பை நேரில் கண்ட வீட்டில் அந்த ஆறுதல் ஒட்டாது என்பதால் உங்களுக்கு அதை விலக்கியே வைப்பேன்.

அதற்குப் பதிலாக டால்ஸ்டாய் 1885இல் எழுதிய ‘அன்பு இருக்கும் இடத்தில் கடவுள் இருக்கிறார்’ என்ற கதையை எடுத்துக்கொள்ளுங்கள். நிலவறை போன்ற ஓர் அறையில் வாழும் செருப்புத் தைக்கும் தொழிலாளி மார்ட்டினின் கதை அது. மனைவியை இழந்து, தனியே வளர்த்த ஒரே மகனையும் காய்ச்சலுக்குப் பறிகொடுத்து, கடவுள்மீது கோபம் கொண்டிருக்கும் நிலையில்தான் நாம் அவரைச் சந்திக்கிறோம். அந்தக் கோபத்தை டால்ஸ்டாய் கண்டிக்கவில்லை. மார்ட்டின் இரவு விளக்கடியில் நற்செய்தியை வாசிக்கத் தொடங்குகிறார். மறுநாள் தம்மைக் காண இயேசு வருவார் என்று ஒரு குரல் கேட்டுச் சன்னலையே பார்த்துக்கொண்டிருக்கிறார். அந்தச் சன்னல் வழியே அவருக்குத் தெருவில் செல்வோரின் கால்கள் மட்டுமே தெரியும். வருபவர்கள் யார் என்பதைக் கதை சொல்லட்டும். கிறிஸ்துமஸ் என்ற நாள் அதில் வருவதில்லை. ஆயினும் 25ஆம் தேதி இரவுக்கும் 26ஆம் தேதிக் காலைக்கும் நடுவே வாசிக்க இதைவிடத் தக்க கதை எனக்குத் தெரியவில்லை.

பதினாறு வயதுப் பிள்ளைக்குத் தனியாக ஒன்று சொல்லலாம். செகாவ் எழுதிய ‘வான்கா’ 1886இல் கிறிஸ்துமஸ் நாளன்றே பீட்டர்ஸ்பர்க் செய்தித்தாள் ஒன்றில் வெளிவந்தது. மாஸ்கோவில் செருப்புத் தொழில் பழக விடப்பட்ட ஒன்பது வயதுச் சிறுவன், முதலாளி வீட்டார் பூசைக்குப் போன நேரத்தில், தன்னை வந்து அழைத்துச் செல்லும்படி தாத்தாவுக்குக் கடிதம் எழுதுகிறான். கடைசி வரிகளில் அவன் உறையின்மேல் எழுதும் முகவரியைக் கேட்டதும் உங்கள் பிள்ளை நிமிர்ந்து பார்ப்பான். இங்கே யாரும் சாவதில்லை. ஆனால் பிள்ளைகளை வேலைக்கு அனுப்பும் உலகைப் பற்றி அந்தக் கடிதம் சொல்லாதது எதுவும் இல்லை.

உங்கள் கேள்வியை ஒட்டி இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். 1968ஆம் ஆண்டு அதே டிசம்பர் 25ஆம் நாள் இரவில்தான், கூலி உயர்வு கேட்டுப் போராடிய உழவுத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் உங்கள் மாவட்டத்துக் கீழ்வெண்மணியில் குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்டார்கள். டிக்கன்ஸின் கதையும் அடிப்படையில் கூலியைப் பற்றிய கதையே: வாரத்துக்குப் பதினைந்து ஷில்லிங் பெறும் எழுத்தரையும், அவர் அறைக்குக் கரி தர மனமில்லாத முதலாளியையும் பற்றியது. அக்கதை வெளிவந்த 1843இல் வெளியான குழந்தைத் தொழிலாளர் நிலை பற்றிய அரசாங்க அறிக்கை டிக்கன்ஸை உலுக்கியிருந்தது. டெல்டாவில் வளரும் பதினாறு வயதுப் பிள்ளை அக்கதையைக் கேட்டுவிட்டு, நம் ஊரில் அப்படி நடந்ததா என்று கேட்டால், திருநாளும் அதுவுமாக எதற்கு அந்தப் பேச்சு என்று அடக்கிவிடாமல் நடந்ததைச் சொல்லுங்கள்.

எல்லாமே வெளிநாட்டுக் கதைகளாக இருக்கின்றனவே. தம்பி தங்கைகளுக்கு வாசிக்க நம் மண்ணில் எழுந்த கிறிஸ்துமஸ் இலக்கியம் ஒன்றுமே இல்லையா?
– கல்லூரி மாணவி, தரங்கம்பாடி

மகளே, நீ இருக்கும் ஊரிலிருந்தே தொடங்கலாம். 1706இல் வந்திறங்கிய ஜெர்மானிய மறைப்பணியாளர் சீகன்பால்குவின் முயற்சியால் தமிழ்ப் புதிய ஏற்பாடு 1714–15 ஆண்டுகளில் அச்சாகியது உங்கள் ஊரில்தான். அதை முதல் நாள் தம்பி தங்கைகளிடம் சொல்லிவிட்டு, அடுத்த நாள் கொள்ளிடத்தைக் கடந்து ஏலாக்குறிச்சிக்குப் போ. அங்கே வாழ்ந்து தமிழ்ப் பணி செய்த வீரமாமுனிவர் சூசையப்பரை வளன் என்ற பெயரில் காப்பியத் தலைவராக்கிப் பாடிய ‘தேம்பாவணி’, மூன்று காண்டங்களும் 36 படலங்களும் 3,615 பாடல்களும் கொண்டது. இத்தனையையும் வாசித்துக் காட்டச் சொல்லவில்லை. தொடக்கத்தில் உள்ள நாட்டுப் படலத்தில் ஐந்தாறு பாடல்களை எடுத்துக்கொள். பாடப்படும் நாடு யூதேயா. ஆனால் மழையும் ஆறும் வயலும் கம்பன் காட்டிய முறையிலேயே அங்கு வருகின்றன. கம்பர் பிறந்த ஊராகச் சொல்லப்படும் தேரழுந்தூர் உங்கள் மாவட்டத்தில்தான் இருக்கிறது. சம்பாப் பயிர் கதிர் பிடித்து நிற்கும் மார்கழியில், பெத்லகேமின் நாட்டைத் தமிழ் வயலாகக் கண்ட ஒரு இத்தாலியரின் பாட்டை உரக்க வாசித்தால், பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கும் சந்தத்தின் இன்பம் எட்டிவிடும். பாட்டை முதலில் சீர் பிரித்து மெதுவாகவும், பொருள் சொன்ன பின் ஓசையோடு ஒருமுறையும் வாசி. பிறகு பெத்லகேமில் பிறப்பு நிகழும் படலத்துக்குத் தாவலாம். இடையில் உள்ளதைச் சொந்த நடையில் கதையாகச் சொல்லிக்கொள்.

இன்னொன்று, தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியாரின் ‘பெத்லகேம் குறவஞ்சி’. 1774 முதல் 1864 வரை வாழ்ந்த அவர், ஜெர்மானிய மறைப்பணியாளர் சுவார்ட்சு ஐயரிடம் பயின்றவர். இரண்டாம் சரபோஜி மன்னருக்கு உடன்மாணாக்கர். பெரிய கோவிலில் ஆடப்பட்ட சரபேந்திர பூபாலக் குறவஞ்சி தோன்றிய அதே தஞ்சையில், தலைவன் பவனி வர, தலைவி மயங்க, குறத்தி வந்து குறி சொல்லும் அந்த வடிவத்தையே கிறிஸ்துவைப் பாட அவர் எடுத்துக்கொண்டார். இது ஒருவர் வாசித்து மற்றவர் கேட்கும் நூல் அன்று. குறத்தியின் பகுதியைத் தங்கைக்கும் சிங்கனின் பகுதியைத் தம்பிக்கும் கொடுத்துவிடு. வாசிப்பதைவிடப் பாடுவதே அதற்குப் பொருந்தும். இராகம் தெரிந்த பெரியவர் உறவில் இருந்தால் அவரையும் அழைத்துக்கொள்.

பிள்ளைகள் ஆங்கில வழியில் படிக்கிறார்கள். ஆங்கிலத்தில் வாசிப்பதா, தமிழில் சொல்வதா? பனிமழை, வாத்துக்கறி, புட்டிங் எல்லாம் வரும்போது என்ன செய்வது?
– ஒரு வாசகர், மன்னார்குடி

உங்கள் நாக்கு எந்த மொழியில் தடுக்காமல் ஓடுமோ அந்த மொழியில் வாசியுங்கள். வளர்ந்த பிள்ளைகள் தந்தையின் தடுமாற்றத்தைக் கேட்டு வெட்கப்படுவதைவிட, அவர் தமிழில் சரளமாகச் சொல்வதைக் கேட்கட்டும். வரிக்கு வரி மொழிபெயர்ப்பது மட்டும் கூடாது. கதை மூச்சுத் திணறும். காட்சியைத் தமிழில் சொல்லிவிட்டு, உரையாடலை ஆங்கிலத்திலேயே வாசிப்பது நன்றாக அமைகிறது. பனியைப் பனியாகவே விட்டுவிடுங்கள், நம் மார்கழிக் குளிராக மாற்றவேண்டியதில்லை. புட்டிங் என்ன என்று கேட்டால் சொல்லலாம், கேட்காவிட்டால் கடந்து செல்லலாம்.

எனக்கு எழுபது வயதைக் கடந்துவிட்டது. கண்ணில் புரை விழுந்து எழுத்துகள் தெரிவதில்லை. பேத்திக்குப் பதினான்கு வயது. அவள் வாசிக்க நான் கேட்டால் ஆகாதா? புத்தகம் எங்கே கிடைக்கும்?
– ஒரு பாட்டி, பட்டுக்கோட்டை

தாராளமாக ஆகும் அம்மா. இந்த வயதுப் பிள்ளைகள் கேட்பவராக மட்டும் இருப்பதைவிட வாசிப்பவராக இருக்கவே விரும்புவார்கள். அதற்கு உண்மையான தேவையுள்ள ஒருவர் எதிரில் அமர்ந்திருந்தால் அக்கறையோடு வாசிப்பார்கள். இலக்கியத்துக்கான நோபல் பரிசை 1909இல் பெற்ற முதல் பெண்மணி, சுவீடன் நாட்டுச் செல்மா லாகர்லெவ், 1904இல் வெளியிட்ட கிறிஸ்து பற்றிய கதைத் தொகுப்பின் முதல் கதையை உங்கள் பேத்தியிடம் கொடுங்கள். அதில் ஒரு பாட்டி தம் பேத்திக்குத் திருப்பிறப்பு இரவின் கதையைச் சொல்கிறார். பிரசவித்த தாய்க்கும் குழந்தைக்கும் குளிர் காய நெருப்புத் தேடி ஒருவர் வருகிறார். இடையனின் நாய்கள் பாய்கின்றன, பற்கள் பதியவில்லை. இடையன் கோலை எறிகிறான், அது விலகிப் போகிறது. கல்மனம் கொண்ட அந்த இடையனுக்கு இது ஏன் என்று விளங்கவில்லை. ஒரே அமர்வில் முடியும் அளவுள்ள கதை.

லாகர்லெவ், டிக்கன்ஸ், டால்ஸ்டாய், செகாவ், ஓ. ஹென்றி ஆகியோரின் நூல்களைப் பழைய ஆங்கில மொழிபெயர்ப்புகளிலும் மூலத்திலும் குட்டன்பர்க் திட்டத்தின் இணையதளத்தில் விலையின்றி எடுக்கலாம். தேம்பாவணி, தமிழ் நூல்களைத் தொகுத்து வைத்திருக்கும் மதுரைத் திட்டத்தின் இணையதளத்தில் இருக்கிறது. ராபின்சனின் நாவலுக்கு மட்டும் பதிப்புரிமை இன்னும் உண்டு, விலைக்கே வாங்கவேண்டும். இணையத்தில் எடுப்பதைப் பேத்தி கைப்பேசித் திரையில் பார்த்து வாசிக்க வேண்டாம். நடுவில் ஒரு செய்தி வந்து விழுந்தால் கதை அறுந்துவிடும். அச்சுக் கடையில் கொடுத்துப் பெரிய எழுத்தில் தாளில் எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். புரை நீக்கும் அறுவை முடிந்த பின் அதே தாள்களை நீங்களும் வாசிக்கலாம்.